மண்ணுக்குள்ளேர்ந்து வந்த டிக்கர்: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் ஒரு பதில்ல "வாம்பட் வர்ற காமிக்ஸ் ஒண்ணு படிச்சு ரெண்டு நாளா தூக்கமில்ல"ன்னு போற போக்குல எழுதிட்டு அப்படியே விட்டுட்டீங்களேண்ணே. அது என்ன காமிக்ஸ்? முழுசா சொல்லுங்க.
– கல்லூரி மாணவர், ஈரோடு

இதே கேள்விய இந்த மாசம் நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அதனால இந்த தடவ பக்கம் முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன்.

காமிக்ஸ் பேரு "டிக்கர்". எழுதி வரைஞ்சவங்க உர்சுலா வெர்னான்னு ஒரு அமெரிக்கப் பெண்மணி. 2003-ல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா பக்கம் பக்கமா இணையத்துல போட்டுக்கிட்டே வந்து 2011-ல கதைய முடிச்சுட்டாங்க. மொத்தம் எழுநூறு பக்கத்துக்கு மேல. பெரிய கம்பெனி எதுவும் பின்னாடி கிடையாது, எழுதறதும் வரையறதும் ஒரே ஆள். இப்ப அவங்க டி. கிங்ஃபிஷர்ங்கற புனைபேர்ல பெரியவங்களுக்கான நாவல்கள் எழுதி ரொம்பப் பிரபலம், 2023-ல, அறிவியல் புனைகதைக்கும் மாயக் கதைக்கும் குடுக்கற ஹியூகோ விருதையே நாவலுக்காக வாங்கிட்டாங்க, ஆனா எனக்கு அவங்க எப்பவும் டிக்கர் வரைஞ்சவங்கதான்.

கதை எப்படி ஆரம்பிக்குதுன்னா, டிக்கர் ஒரு பொம்பள வாம்பட். வாம்பட்னா ஆஸ்திரேலியாவுல இருக்கற, குட்டைக் காலும் உருண்ட உடம்புமா, பார்க்க சின்ன கரடிக்குட்டி மாதிரி இருக்கற பிராணி. நிஜத்துலயே அது பெரிய வளை தோண்டி, இருபது முப்பது மீட்டர் நீளத்துக்குக்கூட தோண்டும், கங்காரு மாதிரி பை இருக்கும் ஆனா பையோட வாய் பின்பக்கம் பார்த்து இருக்கும், ஏன்னா முன்பக்கம் இருந்தா தோண்டற மண்ணெல்லாம் குட்டி மேல போய் விழும் இல்லையா. இந்தக் கதையில வாம்பட்டுங்க எல்லாம் சுரங்க இன்ஜினியருங்க. கல்லு, மண்ணு, தூண், முட்டு, இதுதான் அவங்க உலகம். சாமி, மந்திரம் இதெல்லாம் அவங்களுக்கு ஆகவே ஆகாது. இந்த டிக்கர் ஒரு நாள் சுரங்கம் தோண்டிக்கிட்டு இருக்கறப்ப கெட்ட காத்துல மாட்டிக்கிட்டு, தலை சுத்தி, திக்கு தெரியாம தோண்டித் தோண்டி கடைசில மேல வந்து எட்டிப் பாக்குறா, பாத்தா ஏதோ ஒரு கோயிலோட தரையப் பொளந்துக்கிட்டு வந்து நிக்குறா. எதுக்க ஒரு பிள்ளையார் சிலை. அந்த சிலை அவகிட்ட பேசுது.

இந்த இடத்துல நான் போனை கீழ வெச்சுட்டேன். ஏன்னு சொல்றேன்.

எங்க பெரியப்பா கிணறு வெட்டறவர். பல்லடம் பக்கம் அவரு கை படாத கிணறு கம்மி. பழைய கிணத்துல தூரெடுக்க எறங்கறதுக்கு முன்னாடி அரிக்கேன் விளக்க கயித்துல கட்டி மெதுவா உள்ள விடுவாரு. பாதி தூரத்துல விளக்கு அணைஞ்சா அன்னிக்கு யாரும் எறங்கக் கூடாது, உள்ள கெட்ட காத்து இருக்குன்னு அர்த்தம், வேப்பங்கொத்த கயித்துல கட்டி மேலயும் கீழயுமா விசிறி விட்டுட்டு அடுத்த நாள் மறுபடி விளக்கு எறக்கிப் பாப்பாரு. சின்ன வயசுல நான் கிணத்து மேட்டுல குப்புறப் படுத்துக்கிட்டு அந்த விளக்கு எறங்கறதையே பாத்துக்கிட்டு இருப்பேன், வெளிச்சம் சின்னதாகி சின்னதாகி ஒரு புள்ளியா ஆகும், அப்ப யாருமே பேச மாட்டாங்க. கெட்ட காத்துன்னா என்ன, அதுல மாட்டினா ஆளுக்கு என்ன ஆகும்னு தெரிஞ்ச ஒருத்தங்க கதைய அதுலேர்ந்து ஆரம்பிக்கறாங்களேன்னு எனக்கு அப்படியே சிலிர்த்துப் போச்சு. சாகசக் கதைன்னா வாளும் குதிரையும்தான் வரணும்னு நினைச்சுக்கிட்டு இருந்தவனுக்கு ஒரு கடப்பாரைக்காரிய நாயகியா கொண்டு வந்து நிறுத்தினா எப்படி இருக்கும்? அவ கையில இருக்கறது கடப்பாரை இல்ல பிக்காஸ், ஆனா ஆளு எங்க பெரியப்பாதான்.

நெட்டுல காமிக்ஸ் கோடிக்கணக்குல கொட்டிக் கிடக்கு, எதைத் தொறந்தாலும் அதே மாதிரி பெரிய கண்ணு, அதே மாதிரி வாள், அதே மாதிரி "நீதான் தேர்ந்தெடுக்கப்பட்டவன்". இதுல நல்லது எதுன்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறது? எனக்கு பொறுமை போயிடுச்சு.
– ஐடி ஊழியர், சோழிங்கநல்லூர்

உங்க சலிப்பு எனக்குப் புரியுது. நானும் மாசக்கணக்குல அப்படித்தான் தேடினேன். பெரிய ஆப்கள்ல முதல் பக்கத்துல வர்றது எல்லாம் ஏற்கனவே லட்சம் பேர் படிக்கறது, அது மாதிரியே இன்னும் நூறு வரும், அதுதான் நமக்குத் திரும்பத் திரும்ப காட்டப்படும். தனி ஆளு தன் சொந்த சைட்டுல வருஷக்கணக்கா போட்டுக்கிட்டு இருக்கறது அங்க கண்ணுல படவே படாது.

எனக்கு வழி கிடைச்சது பழைய விருதுப் பட்டியல்லதான். ஹியூகோ விருதுல படக்கதைக்குன்னு தனிப் பிரிவு 2009-ல வந்துச்சு. முதல் மூணு வருஷமும், 2009, 2010, 2011, ஒரே படக்கதைதான் வாங்குச்சு, ஃபில் ஃபாக்லியோ, காஜா ஃபாக்லியோன்னு ஒரு தம்பதி பண்ற "கேர்ள் ஜீனியஸ்". அதுவும் இணையத்துல இலவசமா வர்ற சாகசக் கதைதான். அந்தத் தம்பதி என்ன பண்ணாங்கன்னா, தொடர்ந்து நாமளே வாங்கினா இந்தப் பிரிவுக்கு மரியாதை இருக்காது, அடுத்த வருஷம் எங்களைப் பரிந்துரை பண்ணாதீங்கன்னு அவங்களா ஒதுங்கிக்கிட்டாங்க. எவ்வளவு பெரிய மனசு பாருங்க. அடுத்த வருஷம், 2012, சிகாகோவுல நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டுல அந்த விருது டிக்கருக்குப் போச்சு. பெரிய பதிப்பகங்களோட பளபளப்பான கலர் புத்தகங்கள் வாங்குற அதே விருத ஒரு கருப்பு வெள்ளை வாம்பட் வாங்கிடுச்சுன்னு படிச்சதும்தான் நான் தேடிப் போனேன்.

அதனால முதல்ல பட்டியலப் பிடிங்க, ஜெயிச்சதை மட்டும் பாக்காதீங்க, பரிந்துரையில நின்னதையும் பாருங்க. இன்னொண்ணு, உங்களுக்குப் பிடிச்ச ஒரு சின்ன காமிக்ஸ்காரர் கிடைச்சா அவரு சைட்டுல ஓரமா தனக்குப் பிடிச்ச மத்தவங்க காமிக்ஸுக்கு லிங்க் குடுத்து வெச்சிருப்பாரு, அது தங்கச் சுரங்கம், ஒருத்தர் இன்னொருத்தர் வீட்டுக்கு கை காட்டி விடற மாதிரி, அப்படியே போனா ஒரு தெருவே கெடைக்கும்.

ஆனா கண்டுபிடிச்ச பிறகு இது நல்லதா இல்லையான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? நான் பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அந்தக் கதாபாத்திரத்துக்கு ஒரு தொழில் தெரியுதா, அந்தத் தொழில் வழியாத்தான் அது உலகத்தப் பாக்குதா. டிக்கர் எந்த இடத்துக்குப் போனாலும் முதல்ல கூரையப் பாப்பா, சுவரப் பாப்பா, கல்லு என்ன வகைன்னு பாப்பா, இது யாரு கட்டினது, எவ்வளவு மோசமா கட்டி இருக்காங்கன்னு ஒரு நெனப்பு அவளுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். எங்க பெரியப்பாவ கல்யாண வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா அவரு பந்தியில உக்காந்துக்கிட்டு மண்டபத்து தூணத் தட்டிப் பாப்பாரு, அதே புத்தி. இந்த மாதிரி ஒரு ஆளு பத்து பக்கத்துக்குள்ள உங்களுக்குத் தெரிஞ்சுட்டா தைரியமா மேல படிங்க. பத்து பக்கம் தாண்டியும் அந்த ஆளோட பேரும் முடி கலரும் தவிர வேற ஒண்ணும் தெரியலைன்னா விட்டுடுங்க, குத்தமே இல்ல.

அப்புறம் டிக்கர் எந்த தீர்க்கதரிசனத்துக்கும் பொறந்தவ கிடையாது. அவளுக்கு வேண்டியதெல்லாம் வீட்டுக்குப் போகணும், அவ்வளவுதான். வந்த சுரங்கம் வழியா திரும்பிப் போக முடியல, தான் எங்க இருக்கோம்னும் தெரியல, அதனால ஒவ்வொருத்தர்கிட்டயா வழி கேக்கப் போயி, போற இடத்துல எல்லாம் யாருக்கோ ஒரு கஷ்டம், அதப் பாத்துட்டு சும்மா போக அவ மனசு கேக்காது. இதான் மொத்த சாகசமும்.

பேசுற பிள்ளையார்னு கேட்டதும் கொஞ்சம் பயமா இருக்கு. வெளிநாட்டுக்காரங்க நம்ம சாமிய கேலி பண்ணி வரைஞ்சிருப்பாங்களோ? என் பேரன் படிக்கணும்ங்கறான், குடுக்கலாமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, மயிலாடுதுறை

அம்மா, நீங்க கேட்டது நியாயமான கேள்வி, எனக்கும் முதல்ல அந்தத் தயக்கம் இருந்துச்சு. படிச்ச பிறகு சொல்றேன், கேலி துளி கூட இல்ல.

அந்தப் பிள்ளையார் சிலை கதையிலயே ரொம்ப கண்ணியமான பாத்திரங்கள்ல ஒண்ணு. நிதானமா பேசும், வந்தவளுக்கு உதவி பண்ணும், தனக்குத் தெரியாததை தெரியாதுன்னு சொல்லும். டிக்கர் சாமி கும்பிடறவ இல்ல, அவ இனத்துக்கே சாமின்னா கொஞ்சம் தள்ளியே நிக்கணும்னு ஒரு எண்ணம். ஆனாலும் அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வளர்ற ஒரு மரியாதை இருக்கே, நம்பிக்கை இல்லாதவளும் தெய்வமும் ஒருத்தர ஒருத்தர் மதிச்சு பேசிக்கறது, அத நான் தமிழ்லயே அவ்வளவு அழகா அபூர்வமாத்தான் படிச்சிருக்கேன். சிலைய அவ கும்பிடல, ஆனா அதுகிட்ட பொய் சொல்ல மாட்டா.

நடுவுல ஒரு பாலம் வரும், அதை காவல் காக்கறது ஒரு மூஞ்சூறு. இத்துனூண்டு இருந்துக்கிட்டு தான்தான் அந்தப் பாலத்தோட பூதம்னு சண்டைக்கு நிக்கும், அப்புறம் கூடவே கிளம்பி வந்துடும். பிள்ளையாரும் மூஞ்சூறும் ஒரே கதையில வந்தா நம்ம ஊர் ஆளுக்கு மனசுக்குள்ள ஒரு சிரிப்பு தானா வரும். வரைஞ்சவங்க அத நினைச்சு வெச்சாங்களான்னு நான் தேடல, எனக்குக் கெடைச்ச சந்தோஷம் எனக்குப் போதும்.

பேரனுக்கு என்ன வயசுன்னு நீங்க எழுதலை. எட்டு ஒம்போது வயசுன்னா இப்ப வேணாம்மா. பதிமூணு பதினாலு ஆனதும் குடுங்க, முடிஞ்சா நீங்களும் கூட உக்காந்து படிங்க. காரணம் அடுத்த கேள்விக்கு சொல்ற பதில்ல இருக்கு.

மிருகங்கள் வர்ற காமிக்ஸ்னா குழந்தைங்களுக்குத்தானே? பெரியவங்க படிக்க அதுல என்ன இருக்கு?
– வாசகி, ஸ்கார்பரோ, கனடா

நிறைய இருக்குங்க.

டிக்கர் வந்து சேர்ற ஊர்ல கழுதைப்புலிகள் கூட்டம் ஒண்ணு வரும். அதுல பொம்பளைங்கதான் வேட்டைக்குப் போறவங்க, பொம்பளைங்கதான் தலைமை, ஆம்பளைங்க சாது. இது கற்பனை மட்டும் இல்ல, நிஜத்துலயும் புள்ளிக் கழுதைப்புலி கூட்டத்துல பெண்தான் பெருசு, பெண்ணுதான் தலைவி. அந்தக் கூட்டத்துலேர்ந்து வெரட்டப்பட்ட ஒரு ஆண் கழுதைப்புலி தனியா குகையில வாழறான், சுவர் முழுக்க ஓவியம் வரைஞ்சுக்கிட்டு. அவன் கூட்டம் அவனை வெரட்டினது மட்டும் இல்ல, அவன் பேரையே எடுத்துட்டாங்க. அவனுக்குப் பேரே கிடையாது, யாரும் அவனைக் கூப்பிடக் கூடாது, அவங்களப் பொறுத்தவரை அவன் செத்தவன். டிக்கருக்கு இந்த வழக்கம் எதுவும் தெரியாது, பேசற ஆளுக்கு ஒரு பேரு வேணுமில்லன்னு சாதாரணமா "எட்"னு கூப்பிட ஆரம்பிச்சுடறா. ஒரு பேரு குடுக்கறதுங்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு அந்த ஆளோட மூஞ்சியில தெரியும். ஊர் விலக்கி வெக்கறதுன்னா என்னன்னு தெரிஞ்ச நம்ம ஊர்க்காரங்களுக்கு அந்தப் பக்கத்த சட்டுனு தாண்டிப் போக முடியாது. எட் ஏன் வெரட்டப்பட்டான்ங்கறது பின்னாடி தெரிய வரும், அது ஒரு வீட்டுக்குள்ள நடக்கற அடி உதை பத்தினது, ரொம்ப கனமானது, அதனாலதான் மயிலாடுதுறை அம்மாகிட்ட சின்னப் பசங்களுக்கு வேணாம்னு சொன்னேன். அடி வாங்கறது ஆம்பளையா இருந்தா நம்ம ஊர்ல அத யாரும் பேசறது கூட இல்ல. இந்தக் கதை பேசுது, ஒரு வார்த்தை கூட்டாம குறைக்காம பேசுது.

இன்னொரு பாத்திரம் நிழல்குட்டி. அது என்னன்னு யாருக்கும் தெரியாது, அதுக்கே தெரியாது, சும்மா ஒரு கருப்பு நிழல், ரெண்டு கண்ணு. சின்னக் குழந்தை மாதிரி கேள்வி மேல கேள்வி. போகப் போக அது ஒரு பேய்க்குட்டியா இருக்கலாம்னு தெரியுது. அது டிக்கர்கிட்ட வந்து, கெட்டதுன்னா என்ன, நான் கெட்டதான்னு கேக்குது. இதுக்கு முனிவரோ மந்திரவாதியோ பதில் சொல்லிட்டா கதை அங்கயே படுத்துடும். இங்க பதில் சொல்ல வேண்டியது ஒரு சுரங்க இன்ஜினியர், அவளுக்கு தத்துவம் எதுவும் தெரியாது, தெரிஞ்சதெல்லாம் ஒரு தூணு சரிஞ்சா கீழ இருக்கறவன் சாவான், அதனால தூண ஒழுங்கா நிறுத்தணும்ங்கறதுதான். அவ தடுமாறுறா, யோசிக்கறா, தப்பா சொல்லிட்டா இந்தக் குட்டி தப்பா வளருமேன்னு பயப்படறா. என் பொண்ணுக்கு அப்ப நாலு வயசு. "அப்பா, செத்துப் போன பூனை எங்க போச்சு"ன்னு அதே வாரம் கேட்டிருந்தா, நான் என்னத்தையோ சொல்லி சமாளிச்சிருந்தேன். டிக்கர் சமாளிக்கல. அந்தப் பக்கங்களப் படிச்ச ராத்திரிதான் தூக்கம் போச்சுன்னு போன மாசம் எழுதினேன்.

நான் ஓவியம் படிக்கிறேன். நீங்க சொன்னதுக்காக கொஞ்சம் பாத்தேன். ஒரே கருப்பா இருக்கே, கலர் இல்லாதது ஒரு குறை மாதிரி தோணல? ஆரம்பப் பக்கங்கள் ரொம்ப எளிமையாவும் இருக்கு.
– மாணவி, கும்பகோணம்

குறை இல்லம்மா, அதுதான் அதோட பலம். நீங்க மரக்கட்டையில செதுக்கி அச்சு எடுப்பீங்க இல்ல, அந்த மாதிரி கண்ணால பாருங்க. வெள்ளைத் தாள்ல கருப்பு மை பூசின மாதிரி தெரியாது, மொத்தமும் கருப்பா வெச்சுட்டு அதுலேர்ந்து வெள்ளைக் கோடு கீறி எடுத்த மாதிரி இருக்கும். சுரங்கத்துக்குள்ள வெளிச்சம் அப்படித்தானே இருக்கும், இருட்டுதான் முதல்ல, அதுல விளக்கு தொடற எடம் மட்டும் கொஞ்சம் தெரியும். கிணத்து மேட்டுல படுத்து நான் பாத்ததும் அதான். இந்தக் கதைக்கு கலர் போட்டிருந்தா அந்த இருட்டு செத்துப் போயிருக்கும்.

கழுதைப்புலியோட ரோமத்தைப் பெருசு பண்ணிப் பாருங்க, ஒவ்வொரு கீறலும் ஒரே திசையில போகாது, கழுத்துக்கிட்ட திரும்பும், முதுகுல நீளமா விழும், வயித்துப் பக்கம் குட்டையாகும், மிருகத்த உத்து உத்துப் பாத்த கை அது. 2006-லயே, காமிக்ஸுக்குக் குடுக்கற ஐஸ்னர் விருதுல, இன்னும் பரவலா தெரிய வேண்டிய திறமைசாலிங்கற பிரிவுல வெர்னான் பேரு பரிந்துரையில வந்துச்சு, அப்ப கதை இன்னும் முடியவே இல்ல.

ஆரம்பம் எளிமையா இருக்குன்னு சொன்னீங்க, ஒத்துக்கறேன். எட்டு வருஷம் ஒரே ஆளு ஒரே பாத்திரத்த வரையறப்ப கை மாறும், கோடு திடமாகும், பக்கம் அமைக்கற விதம் மாறும். பதிப்பகத்துப் புத்தகத்துல இந்த வளர்ச்சிய மறைச்சுடுவாங்க, தனி ஆள் வெப்காமிக்ஸ்ல அது அப்படியே கிடக்கும். உங்கள மாதிரி படிக்கற பொண்ணுக்கு இதவிட நல்ல பாடம் கிடையாது, தொடக்கத்துலேர்ந்து ஒரு பக்கம், கடைசிலேர்ந்து ஒரு பக்கம் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

எனக்கு வயசு 61. முத்து காமிக்ஸ் மாயாவிலேர்ந்து படிக்கிறவன். போன்ல காமிக்ஸ் படிக்கிறது காமிக்ஸே இல்லங்கறது என் கட்சி. என்ன சொல்றீங்க?
– சிவகாசி வாசகர்

ஐயா, 1972-ல இரும்புக்கை மாயாவியோட முத்து காமிக்ஸ் வந்தப்ப நீங்க படிச்ச அந்த சாணித்தாள் வாசனைக்கு போன்ல வழியில்ல, ஒத்துக்கறேன். பிரிட்டன்லேர்ந்து வந்த கதைய சிவகாசியில அச்சடிச்சு நம்ம தமிழ்ல நம்ம கைக்குக் குடுத்தாங்க, அந்தக் கடன் எனக்கும் இருக்கு.

ஆனா ஒண்ணு யோசிங்க. இந்த டிக்கர் இணையம் இல்லாட்டி பொறந்தே இருக்காது. வாம்பட் நாயகி, கருப்பு வெள்ளை, எழுநூறு பக்கம், நடுநடுவுல ஆருடம் சொல்ற ஓடில்லாத நத்தை, ரத்தம் குடிக்கற பூசணிக்காய் வகையறா, இதெல்லாம் எழுதிக்கிட்டுப் போயி எந்தப் பதிப்பகத்து மேசையில வெச்சாலும் கதவக் காட்டி இருப்பாங்க. தானே வரைஞ்சு தானே போட்டாங்க, படிக்கறவங்க சேந்தாங்க, அதுக்கப்புறம் சோஃபாவுல்ஃப் பிரஸ்னு ஒரு சின்ன பதிப்பகம் ஆறு தொகுதியா அச்சுலயும் கொண்டு வந்துச்சு, அப்புறம் வாசகர்கள்கிட்டயே பணம் திரட்டி எல்லாம் சேந்த ஒரே குண்டுப் புத்தகமும் வந்துச்சு. உங்க கட்சிக்காரங்களுக்கு அந்தப் புத்தகம் இருக்கு. நான் போன்ல வேணாம், லேப்டாப்லயோ டேப்லயோ படிங்கன்னுதான் சொல்வேன், ஏன்னா இது கொரியா பாணியில கீழ உருட்டிக்கிட்டே போற காமிக்ஸ் இல்ல, பழைய மாதிரி பக்கம் பக்கமா அமைச்சது, முழுப் பக்கமும் ஒரே பார்வையில தெரிஞ்சாத்தான் அந்த இருட்டு வேலை செய்யும்.

நானும் ஒரு சாகச வெப்காமிக்ஸ் ஆரம்பிக்கப் போறேன். 12 தொகுதிக்குத் திட்டம் ரெடி. இதுல காசு வருமா? ஒரு அறிவுரை சொல்லுங்க.
– பெயர் வேண்டாம், மதுரை

தம்பி, காசப் பத்தி முதல்ல. டிக்கர் ஆரம்பத்துல கிராஃபிக் ஸ்மாஷ்னு சந்தா கட்டிப் படிக்கற ஒரு சைட்டுல வந்துச்சு, பின்னாடிதான் எல்லாருக்கும் இலவசமாச்சு. படிக்கறது இலவசம், புத்தகமா வாங்கறவங்க காசு குடுப்பாங்க, இதான் ரொம்ப பேரோட வழி. இந்த வழியில எவ்வளவு தூரம் போக முடியும்னு 2012-ல உலகத்துக்கே தெரிஞ்சுச்சு, ரிச் பர்லியூன்னு ஒருத்தர், குச்சி மனுஷங்கள வெச்சு "தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்"னு 2003-லேர்ந்து ஒரு சாகசக் கதை வரைஞ்சுக்கிட்டு வர்றாரு, ஸ்டாக் தீந்து போன பழைய தொகுதிகள மறுபடி அச்சடிக்க, பொதுமக்கள்கிட்ட பணம் திரட்டற கிக்ஸ்டார்ட்டர் சைட்டுல 57,750 டாலர் கேட்டாரு, வாசகர்கள் 12 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு மேல குடுத்துட்டாங்க. குச்சி மனுஷங்க தம்பி! 2013-ல பேட்ரியான் வந்த பிறகு மாசா மாசம் சின்னத் தொகையா குடுக்கற வழியும் சேந்துச்சு. ஆனா பர்லியூ அந்தப் பணத்தக் கேக்கறதுக்கு முன்னாடி எட்டு வருஷத்துக்கு மேல வரைஞ்சு போட்டிருந்தாரு, அதையும் சேத்துப் பாருங்க.

அறிவுரைன்னு கேட்டதால சொல்றேன், 12 தொகுதி வேணாம். உங்களால முடிக்கக் கூடியதா ஒண்ணு எடுங்க. இணையத்துல பாதியில நின்னு போன சாகசக் கதைங்க எத்தனை தெரியுமா? நானே ரெண்டு கதைய ஆசை ஆசையா பின்தொடர்ந்து, ஒரு நாள் அப்டேட் நின்னுச்சு, ஆறு மாசம் கழிச்சு சைட்டே இல்ல, நாயகி மலை உச்சியில தொங்கிக்கிட்டு இருந்தா, இன்னும் எனக்குள்ள அப்படியே தொங்கிக்கிட்டுத்தான் இருக்கா. வரைஞ்சவங்களக் குத்தம் சொல்லல, யாருக்கு வீட்டுல என்ன கஷ்டமோ. ஆனா எனக்கு டிக்கர் மேல இருக்கற மரியாதையில பாதி, அத முடிச்சாங்கங்கறதுதான். ஆரம்பத்துல போற போக்குல சொன்ன ஒரு விஷயம் கடைசில வந்து மாட்டிக்கும் பாருங்க, கிணத்துக்கு அடியிலேர்ந்து வட்டம் கட்டிக்கிட்டே வந்து மேல கடைசிக் கல்ல வெக்கறப்ப ஒரு சத்தம் கேக்கும், அது மாதிரி.

இதே மாதிரி இன்னும் ரெண்டு மூணு சொல்லுங்களேன்.
– வாசகி, யாழ்ப்பாணம்

டாம் சிடெல் வரையற "கன்னர்க்ரிக் கோர்ட்". இங்கிலாந்துக்காரர், 2005-லேர்ந்து இன்னும் போயிக்கிட்டே இருக்கு. விசித்திரமான ஒரு பெரிய பள்ளிக்கூடம், ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காடு, நடுவுல ஒரு பாலம். முதல் அத்தியாயம் ஓவியத்துல தடுமாறும், பொறுத்துக்கோங்க, அப்புறம் விடாது.

இன்னொண்ணு மின்னா சுண்ட்பெரியோட "ஸ்டாண்ட் ஸ்டில் ஸ்டே சைலண்ட்". ஒரு நோய் வந்து உலகம் அழிஞ்சு 90 வருஷம் ஆச்சு, ஐஸ்லாந்து, நார்வே, ஸ்வீடன், டென்மார்க், ஃபின்லாந்து மட்டும் மிச்சம். ஒருத்தர் பாஷை இன்னொருத்தருக்குப் புரியாத ஒரு குழு, கைவிடப்பட்ட நிலத்துக்குள்ள பழைய புத்தகம் தேடிப் போகுது. புத்தகத்துக்காக உசுரக் குடுக்கறதுன்னா என்னன்னு யாழ்ப்பாணத்துல இருக்கற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. மொழிகளை எல்லாம் ஒரு பெரிய மரமா கிளை கிளையா வரைஞ்ச படம் ஒண்ணு இணையத்துல சுத்துமே, அது இந்தக் கதைக்காக அவங்க வரைஞ்சதுதான். வாட்டர்கலர் மாதிரி அவ்வளவு அழகு. 2013-லேர்ந்து 2022 வரைக்கும் வந்துச்சு.

டிக்கர முடிச்சுட்டு இதுக்குப் போங்க, முன்னாடி வேணாம்.

இங்கிலீஷ் எனக்கு சுமாராத்தான் வரும். படிக்க முடியுமா? கடைசில அவ வீட்டுக்குப் போயிடுவாளா, அதையாவது சொல்லிடுங்க.
– தையல் கடை வெச்சிருக்கிறவர், தாராபுரம்

முடியும். டிக்கரோட பேச்சு வேலைக்காரங்க பேச்சு, சுத்தி வளைக்க மாட்டா. அவளோட முழுப் பேரே தமிழ்ல சொன்னா "தேவையே இல்லாம வளைஞ்சு வளைஞ்சு போற சுரங்கங்களைத் தோண்டுறவ"ன்னு வரும், இப்படித்தான் இருக்கும் அவங்க மொழி. எட் பேசறது உடைஞ்ச இங்கிலீஷ், அதுல இலக்கணம் தேடாதீங்க, ரெண்டு தடவ வாய்விட்டுப் படிச்சா புரிஞ்சுடும். கல்லு வகைங்க பேரு வர்ற இடத்துல மட்டும் போன்ல அர்த்தம் பாத்துக்கோங்க. ஒரு நாளைக்குப் பத்து பக்கம்னு வெச்சா ரெண்டரை மூணு மாசத்துல முடிச்சுடலாம்.

வீட்டுக்குப் போயிடுவாளான்னு நான் சொல்ல மாட்டேன். எங்க பெரியம்மாவுக்கு இந்தக் கதைய வாய்ல சொல்லிக்கிட்டு வந்தேன், தினம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா, பெரியப்பா போனதுக்கு அப்புறம் அவங்க சரியா பேசறதே இல்ல. டிக்கர் கெட்ட காத்துல மாட்டின இடத்துல நிறுத்தி, "விளக்கு எறக்கிப் பாக்கலையா அவ?"ன்னு கேட்டாங்க. கடைசி அத்தியாயம் சொன்ன அன்னிக்கு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம இருந்துட்டு, உள்ள போயி அந்த அரிக்கேன் விளக்க எடுத்துட்டு வந்து தொடைச்சு வெச்சாங்க.